இரட்டைப் பாறைக்குப் போகும் வழி

"வேற எதைப் பாத்தாலும் பாக்காட்டியும் இரட்டைப் பாறையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தும் மனிதர், கடித்த பிஸ்கட்டைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பிய முதல் சுற்றுலா இது. மலையில் இருக்கப் போவது இரண்டே இரண்டு காலைப் பொழுது. அதில் ஒன்றை வீணடித்தால் இன்னொரு பத்தொன்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"காலைல ஆறு மணிக்கெல்லாம் உச்சியில நிக்கணும்" என்று தொடர்ந்தார் கடைக்காரர். "ரெண்டு பெரிய உருண்டைப் பாறை, பக்கத்துல பக்கத்துல. நடுவுல சூரியன் வரும் பாருங்க. கண்ணை எடுக்கவே முடியாது."

"புறாவை விட்டுட்டீங்களே" என்றார் ஜன்னலோரம் இருந்த கணக்கு டீச்சர். "சரியா அந்த நேரத்துக்கு ஒரு கூட்டம் குறுக்கே பறக்கும். நான் பதினாலு எண்ணினேன்."

"காத்துல வெளுத்த துணி மாதிரி ஒரு வாசம் வருமே, அது?"

"ஏதோ காட்டுப்பூவாம். மூணு நாள் என் புடவையிலயே இருந்துச்சு."

மனைவி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். "ஏற ரொம்ப நேரம் ஆகுங்களா?"

"அரை மணி."

"எனக்கு இருபது நிமிஷம்தான்" என்றார் டீச்சர்.

"சீக்கிரம் எழுந்திரிக்கறது எனக்குப் பழக்கம்தான். இவர்தான் அந்த நேரத்துல நின்னுக்கிட்டே தூங்குவார்" என்று கணவனைக் காட்டினாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். புரூஃப்காரரும் சிரித்து வைத்தார்.

"அங்க ஒண்ணும் பெருசா இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மெதுவாக. "அட்டை கடிக்குமாம்."

"உப்பு எடுத்துட்டுப் போனா ஆச்சு" என்றாள் மனைவி.

"நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல."

"அப்புறம் எப்படி சார் சொல்றீங்க? போய் வந்தவங்க ரெண்டு பேர் உக்காந்திருக்கோம்."

அப்படி ஒரு பாறையே கிடையாது என்று அந்த ரயிலில் சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் புரூஃப்காரர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மலையைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகம் அவர்கள் அச்சகத்துக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் பாதி வெள்ளையாக நின்றது. எழுதியவர் போனை எடுக்கவில்லை, இயந்திரம் காத்திருந்தது. வெற்றுத்தாளைக் கண்டால் முதலாளிக்கு வயிறு எரியும். "எதையாவது போட்டு நிரப்புய்யா" என்றார். புரூஃப்காரர் கண்ணை மூடித் திறந்து பாறை, சூரியன், புறா, வாசம் என்று பதினோரு வரி எழுதினார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. எவன் படிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தவர் எழுத்தில் ஒரு காற்புள்ளி தப்பினாலும் சிவப்பு மையால் சுழிக்கிற மகானுபாவர், மலையில் இல்லாத இரண்டு பாறைகளைக் கூசாமல் தூக்கி வைத்துவிட்டார். அதுவும் போதாதென்று புத்தகத்தில் ஒரு பிரதியை வீட்டு அலமாரியில், கண்ணில் படுகிற தட்டில் வைத்து, யாரும் கேட்காததால் உள்ளுக்குள் குமைந்துகொண்டும் இருந்தார். இப்போது அந்தப் பாறை ரயிலேறி வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கடைக்காரர் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து வழி வரைய ஆரம்பித்தார். "பஸ் நிலையத்துக்குப் பின்னாடி இடது பக்கம் திரும்புங்க."

"வலது பக்கம்" என்றார் டீச்சர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு வழி இருக்கு" என்று சொல்லி, கடைக்காரர் இரண்டையும் வரைந்தார். அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பினோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? புரூஃப்காரரால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தொடக்கம் யார் கைங்கரியம்?

"நாளைக்குக் காலைலயே போயிடலாங்க" என்றாள் மனைவி. "நாளன்னைக்கும் ஒரு தடவை போகலாம்."

இரண்டு காலைப் பொழுதும் போயிற்று.

அடுத்த நிலையத்தில் கடைக்காரரும் டீச்சரும் கையசைத்துவிட்டு இறங்கினார்கள். வண்டி நகர்ந்ததும் புரூஃப்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். மேடையில் பேசுகிறவர் மாதிரி இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டறதுன்னா இங்கயே திட்டிடு. அந்தப் பாறை இல்ல, அது வந்து..."

"எதிர்வீட்டு மாடியில இருக்கிற ரெண்டு தண்ணித் தொட்டிதானே?" என்றாள் மனைவி, வழி வரைந்த தாளைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தபடி.

"அப்போ புறா?" என்றார் அவர்.

"பக்கத்துத் தெருக்காரர் வளக்கிற புறா. வாசம் நான் காயப் போடற துணியோடது. அலமாரில வச்சீங்களே, அன்னைக்கே படிச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஏற நேரமாகுமான்னு அவங்களைக் கேட்ட?"

"நீங்க முழிச்ச முழியை வேற எந்த ஊர்ல போய்ப் பாக்கறது?" என்றவள், அவர் தோளில் சாய்ந்தாள். "அதைப் படிக்கிற வரைக்கும், தினம் காலைல மொட்டை மாடியில துணிக் கிளிப் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கறீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."