வாயுள்ளவள்

டாக்டர் தலை நிமிர்ந்தார்.

மூத்தவளுக்கு அதுவே பொறுக்கவில்லை.

இதே அறைக்கு அவள் தனியாக எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஒருமுறைகூட இந்த மனுஷன் மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுத்ததில்லை. ‘கேஸ் டிரபிள்தாம்மா’ என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். இன்று அவளுக்குத் துணையாக வந்த ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “முழுசா கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க டாக்டர்” என்றாள். அவரும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இளையவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். லாரிக்காரனையே ஓரங்கட்ட வைக்கும் குரல். “உனக்கு டாக்டரைக் கண்டா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அவளைக் கூட்டிட்டுப் போ. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்” என்று சொல்லி அனுப்பியவர் மாமியார்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இளையவள்தான். தண்ணீர்க் குழாய் தகராறா, அவள். பள்ளிக்கூடத்தில் பேச வேண்டுமா, அவள். மூத்தவளின் கணவன்கூட ஒரு யோசனை என்றால் மனைவியைத் தாண்டிப் போய் தம்பி மனைவியிடம்தான் கேட்பான்.

மூத்தவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். போன வாரம்தான் இளையவளின் சட்டைகளை எல்லாம் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தனக்கு ஏறிக்கொண்டே போகிற இடுப்பு, இவளுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது? அன்று ஆத்திரத்தில் மிதித்த மிதியில் நூல் அறுந்து அறுந்து போயிற்று.

இப்போது அவளுடைய வலியையும் இவளே பேசுகிறாள்.

“விடியக்காலைல வெறும் வயித்துல, நெஞ்சுக்குழிகிட்ட எரிச்சல் ஆரம்பிக்குது டாக்டர். தூக்கத்துலேர்ந்து எழுப்பி உட்கார வெச்சுடும். எதையாவது வாயில போட்டா கொஞ்சம் அடங்குது. ஆனா சாப்பாட்டு மேல ஆசையே இல்ல. எழுந்து நடந்தா தலை சுத்துது. கொஞ்ச நாளா மலம் கறுப்பா, தார் மாதிரி போகுது.”

என்ன ஒரு கோர்வை!

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வலிகூட இவள் வாயிலிருந்து வந்தால்தான் வலியா? டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது பயப்படற மாதிரியா டாக்டர்?” இளையவளின் குரல் இறங்கியது. கண்கூடக் கலங்கினாற்போல இருந்தது.

என்ன நடிப்பு. அதுவும் பொய்க்கு ஒரு நடிப்பு. தனக்கு விடியற்காலையில் எரிந்ததே இல்லை. தலை சுற்றியதும் இல்லை. டாக்டர் கேட்கிறார் என்றதும் வாய்க்கு வந்ததை அடுக்குகிறாள்.

“எனக்கு அப்படி இல்லீங்க.”

சொன்னது தான்தான் என்று மூத்தவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். இனி நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் பேசப்போவதில்லை என்று தோன்றியது.

“எனக்கு இங்க, வலது பக்கம் விலாவுக்குக் கீழ. எண்ணெயில பொரிச்சது எதைச் சாப்பிட்டாலும் பிடிச்சுக்குது. முதுகு வழியா தோள்பட்டை வரைக்கும் ஏறுது. நீங்க குடுத்த மாத்திரை எதுக்கும் கேக்கல. கை வெச்சுப் பாருங்க. பாக்காம எழுதாதீங்க.”

டாக்டர் அவளைப் படுக்கச் சொன்னார். விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே அவள் துடித்துப் போனாள்.

“பித்தப்பையா இருக்கும். ஸ்கேன் எடுத்துடலாம். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“முன்னாடியே சொன்னேங்க. நீங்கதான் கேக்கல.”

டாக்டர் கை கழுவப் போனார். மூத்தவள் புடவையைச் சரி செய்துகொண்டு இறங்கினாள். வலியில் கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ பந்தயத்தில் முந்திவிட்ட குளிர்ச்சி. வாயுள்ளவள் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

“அப்ப அந்தக் கறுப்பா போறது?” என்றார் டாக்டர், துண்டில் கையைத் துடைத்தபடி.

“எனக்கு அதெல்லாம் இல்லவே இல்லீங்க. இவளா எதையோ...”

திரும்பிப் பார்த்தவள் முடிக்கவில்லை.

இளையவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சொட்டு ரத்தம் இல்லை. காதோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. “உங்களுக்காம்மா?”

இளையவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு கையை நீட்டி மூத்தவளின் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க.”

மூத்தவள் சொன்னாள். முதலிலிருந்து கடைசி வரை, ஒன்று விடாமல் சொன்னாள். பொறாமையோடு கேட்ட பேச்சு. அதில் ஒரு சொல்கூட அவளுக்குத் தவறியிருக்கவில்லை.