தேய்மானம்

“ஒரு மணி நேர வேலையை மாசக்கணக்கா ஜவ்வு மாதிரி இழுக்கறீங்களே சார்! பாவம், ரேஸ் ஓட்டற பொண்ணு!”

எதிர் வீட்டு டெய்லரம்மா வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் தலை நிமிரவில்லை. மகளின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். கரகரவென்றது.

“நல்ல பேரிங் கடையில இல்லம்மா, சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்” என்றார் மகளிடம்.

பச்சைப் பொய். பேரிங், செயின், பல்சக்கரம் எல்லாம் புத்தம் புதிதாக அவருடைய சட்டை அலமாரியில் ஒளிந்துகொண்டிருந்தன.

“சரிப்பா” என்றாள் மகள். அவ்வளவுதான்.

நடுவில் நின்றுபோன லிஃப்டை டீ ஆறுவதற்குள் ஓட வைக்கிற மனிதர் அவர். சைக்கிளெல்லாம் அவருக்கு ஒரு வேலையா? ஆனால் முடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் மகள் எதற்கு வருவாள்?

அவரும் மனைவியும் பிரிந்தபோது மகள் அம்மாவோடு போனாள். முதலில் அடிக்கடி வந்தாள். பிறகு காலேஜ், சைக்கிள் கிளப், பயிற்சி என்று வருகை போனாகி, போனும் ‘சாப்பிட்டியாப்பா’ என்ற ஒற்றை வார்த்தையாகி விட்டது. ‘ஒருநாள் வாம்மா’ என்று கூப்பிட அவருக்கும் வாய் வரவில்லை. கூப்பிட்டு, ‘நேரமில்லப்பா’ என்று சொல்லிவிட்டால்?

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சைக்கிளோடு வந்து நின்றாள்.

“டைம் ட்ரையல் ரேஸ் வருதுப்பா. ஒவ்வொருத்தரையா தனித்தனியா விடுவாங்க. கடிகாரம்தான் எதிரி. தேஞ்ச சாமான் ஒண்ணு இருந்தாக்கூட அது பின்னாடி பிடிச்சு இழுக்கும். பார்த்துத் தர்றியா?”

பார்த்தார். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தார். ஒன்றை மாற்றினால் அடுத்த வாரம் வேறொன்று தேய்ந்துபோய் வந்தது. ‘என்ன மிதி மிதிக்கிறாளோ!’ என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

அவர் ஸ்பானர் பிடிக்க, அவள் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து செயினைத் துடைத்தபடி வாய் ஓயாமல் பேசுவாள். கிளப் கதை, காலேஜ் கதை, அம்மா புதிதாக வாங்கிய கண்ணாடி. மூக்கில் கிரீஸ் ஒட்டியது தெரியாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மீதி வாரத்தை அவர் ஓட்டிவிடுவார்.

அன்று மகள் கிளம்பியதும் டெய்லரம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

“தப்பா நினைக்காதீங்க சார். அவ வர்றது வண்டிக்கா, உங்களுக்கா? காரியம் ஆகற வரைக்கும் காலைப் பிடிக்கற காலம் இது. ரேஸ் முடியட்டும், அப்புறம் பாருங்க.”

சுருக்கென்றது. ஆனால் அதைவிட வேறொன்று அவரை உறுத்தியது. ரேஸ் நெருங்கிவிட்டது. பெற்ற பெண்ணின் காலில் நானே கல்லைக் கட்டிக்கொண்டிருக்கிறேனே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தார். தேய்ந்தது ஒன்றையும் விடாமல் மாற்றினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சின்னச் சத்தம்கூட இல்லை. நிற்க மனமில்லாததுபோல் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாமே முடிஞ்சிடுச்சாப்பா?”

“முடிஞ்சுதும்மா. இனிமே மாத்த ஒண்ணுமில்ல.”

ஏதோ சொல்ல வாயெடுத்தவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் திரும்பும்போது ஒருமுறை பிரேக் பிடித்தாள். அப்புறம் போய்விட்டாள். அவர் உள்ளே வந்து, அவள் உட்கார்ந்திருந்த வாளியை நிமிர்த்தப் போனவர், அப்படியே விட்டுவிட்டார்.

ரேஸ் அன்று யாரும் கூப்பிடாமலே போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி அவரைக் கடந்து போனாள் மகள். கைதட்டலில் வேறெதுவும் காதில் விழவில்லை.

இரண்டாவது இடம். முதலிடம் கண்ணிமைக்கும் நேரத்தில் தவறியிருந்தது.

யார் கண்ணிலும் படாமல் நழுவப் பார்த்தார். அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள் மகள்.

“அப்பா! பின் சக்கரத்துல ஏதோ சத்தம் வருதுப்பா. ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன், பார்க்கிறியா?”

அவர் பார்வை பின் சக்கரத்துக்குப் போனது. தலையை மட்டும் ஆட்டினார். மெடல் வாங்கக் கூப்பிடவும் அவள் ஓடிவிட்டாள்.

ஒரு கண்ணிமைப்பு. என் ஆசைக்கு அதைத்தான் காவு கொடுத்தேனா?

“நீங்கதான் அப்பாவா?” அவளுடைய கோச் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆமாங்க... தோத்ததுக்கு நான்தான் காரணம். வண்டியில சத்தம் வருதாம்.”

“சத்தமா? ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நானே சுத்திப் பார்த்தேனே! இந்த மைதானத்துலயே சத்தமில்லாத வண்டி அதுதான். ஜெயிச்சவ இவளைவிட நல்லா ஓட்டினா, அவ்வளவுதான்.” கோச் கொஞ்சம் தயங்கினார். “உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும் சார். கிளப்புல மத்தவங்க கழட்டிப் போடற தேஞ்ச செயின், தேஞ்ச பேரிங் எல்லாத்தையும் சனிக்கிழமையானா உங்க பொண்ணு பொறுக்கிட்டுப் போயிடறா. எதுக்கும்மான்னா, ‘அப்பா வீட்டுக்குப் போகணும், வேணும் சார்’ங்கறா. அந்தக் குப்பையை வெச்சு நீங்க என்னதான் சார் பண்றீங்க?”