நிக்கோலாவின் நிழல்

கடல் தாண்டி வந்த துரைமார் ஆண்ட தீவு அது. அங்கே புனிதர் படம் எழுதும் மனோலி, பலகை முழுக்கத் தங்கரேக்கு ஒட்டுவார். எல்லாப் பக்கமும் தங்க வெளிச்சம் என்பதால் யாருக்கும் நிழல் வைக்கமாட்டார். ஒரு துரை மட்டும் தான் எழுதச் சொன்ன நிக்கோலா புனிதருக்கு நிழல் வேண்டுமென்று அடம்பிடிக்கவே, மனோலி காலடியில் கொஞ்சம் கறுப்பைத் தீட்டினார்.

நிக்கோலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"காலுல என்னவே அழுக்கு?" என்றார் பக்கத்துப் பலகையில் இருந்த பழைய புனிதர்.

"அழுக்கில்ல அண்ணாச்சி, நிழல்! உமக்கெல்லாம் கொடுத்து வைக்கல."

அப்போது காலடியில் ஒரு குரல் கேட்டது. "கொஞ்சம் நகரும் சாமி, நான் நீளணும்."

"நீ எதுக்கு நீளணும்?"

"நிழல் இருந்தா வெயில் இருக்கும். வெயில் இருந்தா சாயங்காலம் வரும்லா?" என்றது நிழல்.

நிக்கோலா நகரப் பார்த்தார். எழுதின கால் நகருமா? நிழல் பலகையின் ஓரம் வரை நீண்டது. முதுகுக்குப் பின்னால் தங்கம் சிவந்து, மங்கி, கறுத்தது. அவர் கையே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இருட்டுது! ஒரு விளக்கு தாரும்!" என்று அலறினார்.

"விளக்கா?" என்றார் பழைய புனிதர். "அப்படின்னா என்னவே?"