மாடி ஏறிய சோம்பேறி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை மழித்துக்கொள்கிறேன். என் நிணநீர்ப் புற்றுநோய் உலகமகா சோம்பேறி. பதினோரு வருடமாகக் கழுத்துக் கட்டியிலேயே படுத்துக் கிடக்கிறது. ஒருநாள் காலை நடைக்குக் கூப்பிட்டேன், கொட்டாவி விட்டது. இப்போது டாக்டர் என் மூளையின் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டுகிறார். நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. "இந்த வகை மூளைக்குப் போறது ரொம்ப அபூர்வம்" என்கிறார். "மாடி ஏற இவ்வளவு நாளாச்சு, பாவம்" என்கிறேன். பக்கத்தில் என் மகள் மருந்துப் பையை மடியில் இறுக்கியபடி சிரிக்கிறாள். கண் மட்டும் படத்திலேயே இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் படத்தின் ஓரம் படபடக்கிறது. "உங்க ஞாபகத்தைக் கொஞ்சம் சோதிக்கணும். இவங்க பேரு என்ன?" என்று டாக்டர் மகளைக் காட்டிக் கேட்கிறார். "மகாராணி. பட்டம் கட்டின அன்னிக்கு நாலு யானை வந்துச்சு. ஒண்ணு இன்னும் எங்க மொட்டைமாடியிலதான் நிக்குது." மகள் என் தோளில் தட்டுகிறாள். "டாக்டர்கிட்டயுமாப்பா விளையாட்டு? இவர் எப்பவும் இப்படித்தான் டாக்டர், நல்லாத்தான் இருக்கார்." டாக்டரின் பேனா தாளுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. முப்பது வருடம் பெயர் பார்த்துப் பார்த்துத் தபால் கொடுத்தவன் நான். என் மகளின் பெயர் காலையிலிருந்து எனக்கு நினைவுக்கு வரவில்லை.