கோப்பியின் புரட்டாசி

“நாய்க்குமா அண்ணி?”

ஷர்மினிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

“அதுவும் இந்த வீட்டுலதானே இருக்கு? புரட்டாசி முடியற வரைக்கும் உள்ள கவிச்சி கூடாது. ஆளுக்கு ஒரு சட்டமெல்லாம் கிடையாது” என்றாள் செல்வராணி.

சொன்னதோடு நிற்கவில்லை. ஃப்ரீசரில் இருந்த கோழி, மீன் எல்லாவற்றையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். நாய் கோப்பிக்காக ஷர்மினி கோழியை உதிர்த்து அடைத்து உறைய வைத்திருந்த மூன்று ரப்பர் பொம்மைகளும் காலியாகி வெந்நீரில் கிடந்தன.

செல்வராணி சாஆ என்ற ஊரிலிருந்து ஒரு மாதம் தங்க வந்திருந்த நாத்தனார். தாயில்லாத தம்பி ரூபேந்திரனை வளர்த்து ஆளாக்கியவள். அவள் ஒன்று சொல்லிவிட்டால் குளுவாங்கில் இருக்கும் இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. “சரிக்கா, எல்லாரும் சேந்தே விரதம் இருப்போம்லா” என்று ரூபேந்திரன் தலையாட்டினான். ஷர்மினியும் ஆட்டி வைத்தாள்.

கோப்பிக்கு ஒன்பது மாதம். சும்மா இருக்கத் தெரியாத வயது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போன பிறகு அதை அடக்கி வைப்பது அந்தப் பொம்மைகள்தான். ஓட்டைக்குள் இருப்பதை நக்கி, கடித்து, உருட்டி எடுத்து முடிப்பதற்குள் பாதிப் பகல் ஓடிவிடும்.

இல்லாவிட்டால் குரைக்கும். தாமான் குடியிருப்பில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு ஜெயபாலன் இரவெல்லாம் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். ஏற்கெனவே இரண்டு முறை வந்து முறையிட்டுவிட்டார். மூன்றாவது முறை நேரே நகராண்மைக் கழகத்துக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அந்த நிலை வந்தால் கோப்பியை ஒரு நண்பனின் செம்பனைத் தோட்டத்தில் விட்டுவிடப்போவதாக ரூபேந்திரனும் முடிவாகச் சொல்லிவிட்டான்.

வேறு வழியில்லாமல் ஷர்மினி பூசணிக்காயும் சோறும் பிசைந்து அடைத்தாள். கோப்பி இரண்டு நக்கு நக்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு பொம்மையை மூக்கால் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்துக் குரைத்தது.

மூன்று நாள் இப்படியே போனது. ஜெயபாலன் வேலியோரம் வந்து முறைத்துவிட்டுப் போனதாக அண்ணி சொன்னாள்.

நான்காம் நாள் சாயங்காலம் ஷர்மினி பயந்துகொண்டேதான் வீடு திரும்பினாள். சத்தமே இல்லை. மூன்று பொம்மைகளும் வழித்து நக்கிக் காலியாகக் கிடந்தன. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு ஜெயபாலன் அவளைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

அதே பூசணி, அதே சோறு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். கோப்பி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அண்ணியின் பின்னாலேயே போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. நாய் என்றால் பத்தடி தள்ளி நடக்கிற அண்ணியிடம் அதற்கு என்ன திடீர்ப் பாசம் என்று குழம்பிப் போனாள்.

மறுநாள் குப்பை கொட்டும்போது நாளிதழில் சுற்றிய பொட்டலம் ஒன்று அவிழ்ந்து விழுந்தது. உள்ளே காலி சார்டின் டின்.

ரூபேந்திரனைத் தனியாக இழுத்துக் கேட்டாள். இந்த வீட்டுக்குள் ஒரு மீன் முள்ளைக்கூடக் கொண்டு வந்ததில்லை என்று அவன் சத்தியம் செய்யாத குறைதான்.

அப்படியானால் மிச்சம் ஒரே ஆள். ஷர்மினிக்குத் திக்கென்றது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? வாயில்லாப் பிராணிக்குப் பூசணிக்காயைக் கொடுக்க வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் டின் மீன் தின்கிறாளா? கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

அடுத்த நாள் தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, பின்பக்கமாக ஓசைப்படாமல் வந்தாள்.

கொல்லைப்புறக் குழாயடியில் செல்வராணி குந்தியிருந்தாள். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. கையில் உறை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை. சார்டின் மீனைத் தக்காளிச் சாறு போகக் கழுவி, கரண்டிக் காம்பால் பொம்மைக்குள் இருந்த பூசணியோடு சேர்த்துத் திணித்துக்கொண்டிருந்தாள். நடுவில் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் திணித்தாள். கோப்பி எச்சில் வடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணி...”

செல்வராணி திடுக்கிட்டுத் துண்டை இறக்கினாள்.

“நீங்கதான் சாப்பிடறீங்கன்னு நெனச்சிட்டேன்” என்றாள் ஷர்மினி. சொல்லும்போதே கூசியது. “நாய்க்கும் சைவம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். எல்லாரும் ஒண்ணா இருக்கறப்ப இதுவும் இருக்கட்டுமேன்னு சொன்னேன்.”

அதற்குள் கோப்பி ஓடி வந்து ஷர்மினியின் விரல்களை ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தது.

செல்வராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ வேலை விட்டு வந்தா தெனமும் இப்படித்தான் நக்குது. தம்பி கையையும் விடறதில்ல. என் கைய மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிடும்.”

ஷர்மினி சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மத்தியானம் தொழிற்சாலைக் கெண்டீனில் கோழி தின்ற கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தாள்.

“அப்பறந்தான் தெரிஞ்சது” என்றாள் செல்வராணி, பொம்மையைக் கோப்பியின் பக்கம் உருட்டிவிட்டு. “என்னோட சேந்து இந்த வீட்டுல உண்மையா விரதம் இருக்கறது இது ஒண்ணுதான்னு. மனசு கேக்கலம்மா.”