லாடத்தில் ஒரு கல்

கடிக்காது. கடித்தாலும் ஒரு விரல்தானே போகும், மீதி ஒன்பது இருக்கிறது.

கொட்டகை வாசலில் செல்லம்மாள் இப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். உள்ளே குதிரை ஒரு முன்னங்காலை ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே கல். ஒரகடம் ரோட்டுக்குப் புதிதாகக் கொட்டிய ஜல்லி.

அந்தக் கல் குத்தி குதிரை இடறியதில்தான் அவள் புருஷன் கோதண்டம் வண்டியிலிருந்து விழுந்தான். மாவுக்கட்டுக் காலோடு வீட்டுக்குள் கிடக்கிறான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி ஆட்களுக்குச் சாப்பாட்டு கேரியர் போய் இரண்டு நாளாகிறது. இன்றைக்கும் வண்டி வராவிட்டால் டெம்போவுக்கு விட்டுவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியனுப்பிவிட்டார்.

கல்யாணமான அன்றே கோதண்டம் சொல்லியிருந்தான்: பொம்பளை வாடை இதுக்கு ஆகாது, விரலைத் துண்டாக்கிடும். ஆறு வருஷமாக எட்ட நின்று புல்லை வீசிவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

“இன்னாடி, சத்தத்தையே காணோம்?” உள்ளிருந்து அவன் கத்தினான். “என் காக்கிச் சட்டைய மாட்டிக்கினு போ. நான்னு நெனச்சிக்கினு அடங்கி நிக்கும்.”

மாட்டிக்கொண்டாள். பீடியும் வேர்வையும் மூக்கில் ஏறின.

ஓரடி வைத்தாள்.

குதிரையின் காதுகள் பின்னால் மடிந்தன. கயிறு விறைக்கப் பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. உடம்பு முழுக்க நடுங்கியது.

செல்லம்மாள் ஓடவில்லை. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கமாக இருந்தது.

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டாள்.

புடவையோடு மறுபடி போனாள். மடிந்திருந்த காதுகள் மெதுவாக நிமிர்ந்தன. கழுத்தில் கை வைத்தாள். அடுப்படிச் சுவர் மாதிரி சூடு, அவ்வளவுதான். கை தோளுக்கு இறங்கியது, முட்டிக்கு இறங்கியது.

“காலைக் குடு, கண்ணு.”

கொடுத்தது.

அந்தக் காலைத் தொடையில் தாங்கிக்கொண்டு ஆணியால் நெம்பினாள். மூன்றாவது நெம்பலில் கல் தெறித்து விழுந்தது. குதிரை காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு அவள் பிடரியில் படும்படி ஒரு பெருமூச்சு விட்டது.

செல்லம்மாள் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள். சிரிப்பு தாங்கவில்லை.

சேணம் போட அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறு வருஷம் எட்ட நின்று பார்த்ததே போதுமாக இருந்தது. வார் இழுக்கும்போது விலாவில் விரல் தடுக்கியது. நீளத் தழும்பு. பக்கத்திலேயே இன்னொன்று.

குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் முதுகில், ரவிக்கைக்குள், இருப்பதும் அதே அகலம்தான்.

வண்டி வாசலுக்கு வந்தபோது கோதண்டம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

“சாட்டையால ஒண்ணு போட்டாதான்டி அது கெளம்பும்.”

அவள் நாக்கைச் சொடுக்கினாள். குதிரை நகர்ந்தது.

“அட! அப்போ சாட்டை உனக்கு எதுக்கு? இங்க குடுத்துட்டுப் போ.” கம்பிக்கு வெளியே கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். காலடியில் கிடந்த சாட்டையின் மேல் பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“தரமாட்டேன்” என்றாள், குரலை உயர்த்தாமல்.