வாழ்த்துத் தந்தி

"பத்திரமா வச்சுக்க. எல்லாப் பொண்டாட்டியும் புருசனுக்குத் தந்தி குடுத்துற மாட்டா." சொல்லிக்கொண்டே பாடகர் சோலைமலை அந்தத் தாளை மடித்து நல்லமுத்துவின் சட்டைப் பையில் திணித்தார்.

நல்லமுத்து அதை மறுபடியும் வெளியே எடுத்துப் பார்த்தான். முழுக்க இங்கிலீசு. அவனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"இன்னொரு தரம் படிங்கண்ணே."

சோலைமலை சலிக்காமல் படித்தார். "நல்லா வாசிங்க. ரேடியோகிட்டயே இருப்பேன். ராக்காயி. அவ்வளவுதாம்ப்பா. போதுமா?"

அட்டன் நகர மண்டபத்தின் பின்னறையில் அப்போது மணி நாலு. ஆறு மணிக்கு மலைநாட்டு இசைப் போட்டியின் இறுதிச் சுற்று. மேடையில் பாடப் பாட அப்படியே ரேடியோவில் போகும். வெள்ளிக் கோப்பை, பாடுகிறவருக்கு. கிளாரினெட் ஊதும் நல்லமுத்துவுக்கும் டோலக் அடிக்கும் நஸாருக்கும் எந்தப் படிவத்திலும் பெயர் கிடையாது. 'சோலைமலை கோஷ்டி' என்றால் அதில் அவர்களும் அடக்கம். அவர்களுக்கு வரும் கடிதம்கூட அந்தப் பெயருக்குத்தான் வரும்.

பதினோரு வருஷமாக எத்தனையோ பாட்டுக்கு ஊதியிருக்கிறான் நல்லமுத்து. ரேடியோ அவன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வைக்கிறேன் என்று சோலைமலை வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்பதற்கென்றே உடப்புசல்லாவைப் பக்கம் அவன் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், ரேடியோ வைத்திருக்கும் தோட்ட அதிகாரி கண்டாக்கையா வீட்டு வாசலில் லயத்து வீடுகளின் சனமெல்லாம் கூடுவதாகப் பேச்சு.

நஸார் டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டியபடி கேட்டான். "ஏன் மச்சான், ஒம் பொண்டாட்டி பத்து நாளாக் காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கெடக்கான்னு சொன்னே. தந்தி குடுக்க அஞ்சு மைலு நடந்தா போனா?"

"அவ தம்பி அழகன் போயிருப்பான்." நல்லமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவ சொன்னா அவன் கெணத்துலயும் குதிப்பான்."

"அடுத்தவன் பொண்டாட்டி பேச்சு ஒனக்கு எதுக்கு? கட்டுற கயித்தப் பாத்துக் கட்டு" என்றார் சோலைமலை.

அவர் குணமே மத்தியானத்திலிருந்து மாறிப்போயிருந்தது. காலை ஒத்திகையில் ஒரே ஒரு சுரம் பிசகியதற்கு, "போய்த் தேயிலச் சாக்குத் தைடா, ஒனக்கெல்லாம் எதுக்குக் கிளாரினெட்டு?" என்று எல்லார் முன்னாலும் கத்திய மனுஷன், சாப்பாட்டுக்குப் பிறகு தம் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். பணிஸ் ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயும் அறைக்கே வந்தன. ஒரு பீடி குடித்துவிட்டு வரலாமென்று நல்லமுத்து எழுந்தபோது, அவரே போய்க் கதவைச் சாத்தினார்.

"வெளிய பனி கொட்டுது. கொழல் குளுந்துச்சுன்னா சுருதி எறங்கிரும். இங்கயே இரு முத்து."

'முத்து' என்று அவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நல்லமுத்து குழலைக் கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டான்.

ஆறு மணிக்கு ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டின் நடுவே கிளாரினெட்டுக்கென்று ஒரு முழு நிமிஷம் விட்டிருந்தார்கள். நல்லமுத்து கண்ணை மூடினான். நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த தந்தித்தாள் மூச்சுக்கு மூச்சு சரசரத்தது. மண்டபத்தை மறந்து, கண்டாக்கையா வீட்டு வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்காக ஊதினான்.

முடித்தபோது நடுவர்களில் ஒருவர் எழுந்து நின்றே கை தட்டினார்.

கோப்பை சோலைமலைக்குத்தான். அறிவிப்பாளர் அவர் பெயரை மூன்று தடவை சொன்னார். கடைசியில் 'கோஷ்டியினருக்கும் பாராட்டு' என்று முடித்துக்கொண்டார்.

பின்னறைக்கு வந்ததும் நல்லமுத்து மெதுவாகக் கேட்டான். "அண்ணே, எம் பேரு?"

"நேரம் பத்தலன்னுட்டாங்கப்பா. அடுத்த தடவ பாப்போம்."

"எனக்கு ஒன்னுமில்லண்ணே. அவதான் காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பா."

சோலைமலை துண்டால் கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு தாண்டியிருந்தது. நஸார் மூலையிலிருந்த ரேடியோவின் குமிழைத் திருகினான். ஏதோ அறிவித்தல் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அத அமத்துடா" என்றார் சோலைமலை.

"...உடப்புசல்லாவையைச் சேர்ந்த கிளாரினெட் கலைஞர் நல்லமுத்துவின்..."

நஸார் துள்ளிக் குதித்தான். "மச்சான்! ஓம் பேருடா! கலைஞராம்டா!"

நல்லமுத்து வாயெல்லாம் பல்லாக ரேடியோவின் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தான்.

"...அன்பு மனைவி ராக்காயி இன்று அதிகாலை காலமானார். காலையில் தந்தி அனுப்பியும் கணவர் வந்து சேராததால் நல்லடக்கம் நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தகவல், சகோதரர் அழகன்."

நல்லமுத்துவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தாளைப் பிரித்தான். தெரியாத எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சோலைமலையைப் பார்த்தான்.

அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா ஊதியிருப்பியா?"